இரண்டு தாமோதரன்கள்

போன் கட்டான பிறகும் ஹெப்சிபா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் கூடத்தில் இருக்கும் பெண்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். காதில் போன் இருக்கும்வரை முகத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. சரி சரி, அப்புறம் பேசலாம் என்று யாருமே இல்லாத போனுக்குள் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே யாருடைய ஸ்கூட்டியோ வெயிலில் நின்றது, அதன் சீட்டின் மேல் ஒரு காக்கை, அதற்கு எப்படிச் சுடாமல் இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்துவிட்டு, இப்போது நினைக்கவேண்டியது காக்கையையா என்று நினைத்தாள். வடக்கே எல்லையிலிருந்து பேசிய சுபேதார் நாகலிங்கம் சுற்றி வளைக்கவில்லை. மேடம், காலையில வண்டி ஒண்ணு பள்ளத்துல உருண்டுடுச்சு, நம்ம பையன் ஒருத்தன் போயிட்டான், தாமோதரன், குடியாத்தம் தாமோதரன். அதோடு கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. எந்தத் தாமோதரன், நாகலிங்கம், எந்தத் தாமோதரன் என்று அவள் கேட்டது அந்த மலைக்குப் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. இல்லை, அவள் கேட்கவே இல்லையோ. வாய் திறந்து கேட்டிருந்தால் கூடம் முழுக்க அமைதியாகியிருக்கும். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் மனசுக்குள்தான் கேட்டிருக்கிறாள். சின்ன லெஃப்டினென்டாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெறும்வரை ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தவள், கெட்ட செய்தி வரும்போது முதலில் குரலைக் கட்டவேண்டும் என்று அவள் உடம்புக்கே தெரியும். உடம்புக்குத் தெரிந்தது நல்லதுக்கா என்றுதான் இப்போது தெரியவில்லை.

பாலாற்று வீரர் குடும்ப அறக்கட்டளையில் இன்று பார்சல் கட்டும் நாள். லீவு முடிந்து நாளைக்கு ரயிலேறப்போகும் ஒரு சிப்பாயிடம், அதே பட்டாளத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து வீட்டுப் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள். பாய் விரித்து, நடுவில் டப்பாக்களும் செல்லோடேப்பும் வைத்து, பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த வட்டத்தில் பக்கம் பக்கமாக, முழங்கால் இடிக்கும் தூரத்தில், இரண்டு தாமோதரன்களின் மனைவிகள். ஒரே பட்டாளம், ஒரே ஊர்ப்பக்கம், ஒரே பேர். ராணுவத்தில் அவர்களைக் கடைசி எண்ணை வைத்துப் பிரித்துக் கூப்பிடுவார்களாம். இங்கே பெண்கள் பெரிய தாமு, சின்ன தாமு என்று பிரித்திருந்தார்கள். பெரிய தாமுவின் மனைவி வளர்மதி, பெண்ணைக் காலேஜில் சேர்த்துவிட்டவள். சின்ன தாமுவின் மனைவி ஷர்மிளா, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருப்பவள். "ரெண்டு பார்சல்லயும் தாமோதரன்னே எழுதினா எப்படி? உங்க எள்ளடைய என் வீட்டுக்காரர் தின்னுட்டுப் போறாரு" என்று ஷர்மிளா சொல்ல, "தின்னட்டுமே, அப்பனாவப் போறவன், தெம்பு வேணாமா" என்று வளர்மதி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இந்த இரண்டு பேரில் ஒருத்தி புருஷன் இப்போது இல்லை. காலையிலிருந்தே இல்லை. எள்ளடை யார் தின்னப்போகிறார்கள் என்று அந்த மலையில் ஏற்கனவே முடிவாகிவிட்டது, இங்கேதான் இன்னும் தெரியவில்லை. ஹெப்சிபா ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். கம்பி சுட்டது. பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சொல்லக்கூடாது. யூனிட்டிலிருந்து முறையாகச் செய்தி வராமல் இந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று தலைவரானதும் அவள் போட்ட முதல் விதியே அதுதான். அவளுக்கு முன்னால் இருந்த தலைவர் நல்ல மனிதர், அவசரக்காரர். யாரோ போனில் சொன்னதைக் கேட்டுக் கன்னியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று உன் புருஷன் இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் மாமியார் அவள் நெற்றியைத் துடைத்தாயிற்று, வளையலை உடைத்தாயிற்று. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தகவல் வந்தது, சாகவில்லை, காலில்தான் அடி என்று. அவன் கட்டையூன்றித் திரும்பி வந்தும் கன்னியம்மாள் இன்றைக்கும் பொட்டு வைத்துவிட்டு இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், மாமியார் இன்றைக்கும் அவள் எதிரில் வந்தால் ஒதுங்கிப் போகிறாள். ஒரு மனுஷியின் நெற்றியில் ஒரு தடவை துடைத்ததைத் திரும்பப் போட முடியவில்லை. அதனால் சொல்லக்கூடாது. ஆனால் சொல்லாமல் இருப்பதும் ஒரு வேலை, அதைச் செய்துகொண்டே இருக்கவேண்டும். முன்னறையில் துணைத்தலைவர் கோதண்டம் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கீழே ஓடும் எழுத்தில் வந்துவிட்டால்? ஹெப்சிபா போய், "சார், டிவிய அணைச்சிடுங்க, பொண்ணுங்களுக்கு வேல ஓட மாட்டேங்குது" என்றாள். "மேட்ச் கடைசிக் கட்டம்மா" என்றார் அவர். "அணைங்க சார்." அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் ரிமோட்டைத் தேடினார், தேடும்போது அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். ரிட்டயர்டு சுபேதார் மேஜர். ஒரு நர்ஸம்மா நமக்கு ஆர்டர் போடறதா என்று அவள் தலைவரான அன்று கமிட்டியில் கேட்டவர். அவரிடம் சொல்லலாமா? அவருக்கு மெதுவாகப் பேசவராது, அய்யோ என்பதைக்கூட அணிவகுப்பு மைதானத்தில் சொல்வதுபோல்தான் சொல்வார். வேண்டாம். கூடத்துக்குத் திரும்பி, கதவோரம் இருந்த மூங்கில் கூடையை எடுத்து, "போன் எல்லாத்தையும் இதுல போடுங்க. பேசிக்கிட்டே கட்டினா ராத்திரி ஆயிடும்" என்றாள். பள்ளிக்கூடமாட்டம் ஆயிடுச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு போட்டார்கள். வளர்மதி போட்டாள். ஷர்மிளா கடைசியாகத் திரையைத் துடைத்து, எதையோ பார்த்துச் சிரித்துவிட்டுப் போட்டாள். கூடை கனத்தது. அதைத் தன் நாற்காலிக்கடியில் வைத்துக்கொண்டு ஹெப்சிபா உட்கார்ந்தாள், மடியில் தன் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு.

நாகலிங்கத்துக்குத் திரும்பப் போட்டாள். இந்தியில் ஒரு பெண் குரல், அழகான குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதே அழகு. அந்தப் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜெபம் பண்ணலாம். ஆண்டவரே, என்று மனசுக்குள் தொடங்கினாள், அதற்குமேல் என்ன கேட்பது? யாரும் சாகக்கூடாது என்று கேட்க நேரம் தாண்டிவிட்டது. இறந்தவனின் ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் கொடும் என்று கேட்கலாம், அதற்கு யாரென்று தெரியவேண்டுமா என்ன, அவருக்குத் தெரியும். ஆண்டவரே, அவன். ஆண்டவரே, அது. அது ஷர்மிளாவின். அங்கேதான் சிக்கியது. அது ஷர்மிளாவுடையதாக இருக்கவேண்டாம் என்று ஜெபம் தானாகவே போய் நின்றது, மாடு வீட்டுக்குத் திரும்புவதுபோல் யாரும் ஓட்டாமலே. ஷர்மிளாவுடையதாக இருக்கவேண்டாம் என்றால் யாருடையதாக இருக்கவேண்டும்? இருப்பது இரண்டே பேர். ஹெப்சிபா தலையை நிமிர்த்தினாள். எதிரே வளர்மதி டப்பா வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். புறங்கையில் தழும்பு. அது சூட்டுக்கோல் இல்லை, எண்ணெய் தெறித்தது என்று வளர்மதி சொன்னாள். ஆனால் அந்தத் தழும்பு வந்த வருஷம் பெரிய தாமு லீவில் வந்திருந்தபோது அவள் கன்னம் வீங்கி இந்தக் கூடத்துக்கு வந்து, பெண்ணையும் கூட்டிக்கொண்டு, இன்னிக்கு மட்டும் இங்க படுத்துக்கறோம் மேஜரம்மா என்று சொன்னாளே, அதற்கு எண்ணெய் காரணமில்லை. குடித்தால் அவன் மனுஷனில்லை. வளர்மதிக்கு அண்ணன் தம்பி இருக்கிறார்கள், பெண் தலையெடுத்துவிட்டது, பென்ஷன் வரும், அடிக்க ஆள் வராது. ஷர்மிளாவுக்கு யார் இருக்கிறார்கள்? சாதி விட்டுக் கட்டிக்கொண்டாள் என்று பெற்றவர்கள் தலைமுழுகிவிட்டார்கள். வளைகாப்பையே இந்தக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. வயிற்றில் ஒன்று. அவனை விட்டால் உலகத்தில் ஆளில்லை. ஆகவே. ஆகவே என்ற வார்த்தை வந்ததும்தான் ஹெப்சிபாவுக்குத் தான் செய்துகொண்டிருப்பது தெரிந்தது. கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுகிறாற்போல ஒரு மனுஷனைச் சாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படித் தேர்ந்தெடுக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சண்டை நடந்த அந்தக் கோடையில், மலையடிவார ஆஸ்பத்திரியின் நடையில் ஸ்ட்ரெச்சர்களை வரிசையாக இறக்கிவிட்டுப் போனார்கள். ஆபரேஷன் மேஜைகள் போதவில்லை. சர்ஜன் உள்ளேயிருந்து கத்தினார், சிஸ்டர், அடுத்து யார் என்று நீங்கள் சொல்லுங்கள். அவள் சொன்னாள். நாடியைத் தொட்டு, வயிற்றை அமுக்கி, கண்ணைப் பிரித்துப் பார்த்து, இவன், அப்புறம் இவன், இவன் காத்திருப்பான். காத்திருப்பான் என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், சர்ஜனுக்கும் தெரியும். காத்திருந்தவர்களில் ஒருவன் அவள் ஏப்ரனைப் பிடித்துத் தண்ணீர் கேட்டான், பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். அதற்காக அவள் ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. பிழைக்கக்கூடியவனை முதலில் அனுப்பு என்பது விதி, அவன் நல்லவனா, பெண்டாட்டியை அடிப்பவனா என்று அந்த விதி கேட்பதில்லை. நடையில் கிடந்தவர்கள் எல்லோரும் ஒன்றுதான். இன்றைக்கு விதி இல்லை. இன்றைக்கு அவள் தேர்ந்தெடுப்பதால் ஒருவனும் பிழைக்கப்போவதில்லை, ஒருவனும் சாகப்போவதில்லை, அதுதான் இன்னும் கேவலம், ஒரு பிரயோஜனமும் இல்லாமல் தேர்ந்தெடுக்கிறாள். நிறுத்து என்று சொல்லிக்கொண்டாள். நிறுத்தினாள். கண் மட்டும் நிற்கவில்லை, அது வளர்மதியிடமே போய் உட்கார்ந்தது. தோளைப் பார்த்தது, கழுத்தில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தது, பழக்கத்தில் மூச்சைக்கூட எண்ணியது. ஷர்மிளா பக்கம் திரும்பினால் அவள் நிமிர்ந்து சிரித்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. வளர்மதியைப் பார்ப்பது சுலபமாக இருந்தது. ஏன் சுலபமாக இருந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை, டீ வந்துவிட்டது, எழுந்து டம்ளர்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வளர்மதிக்குக் கொடுக்கும்போது மட்டும், சூடு அதிகமா இருக்கு, பாத்து, என்று சொன்னாள். மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

வளர்மதி டீயை வைத்துவிட்டுப் புளிச்சக்கீரைத் தொக்கை டப்பாவில் அடைத்தாள். "விடியக்காலையில எழுந்து கிண்டினேம்மா. எண்ணெய் மிதக்க மிதக்க இருந்தாத்தான் அவருக்கு இறங்கும்" என்றாள். பக்கத்தில் யாரோ, அவ்ளோ ஆசையா என்று கிண்டல் செய்தார்கள். "ஆசை இன்னா ஆசை. மனுசன் இப்ப மாறிட்டாரு, அதான்" என்று சொல்லிக் குனிந்துகொண்டாள். பிறகு, கேட்டால்தான் சொல்வேன் என்பதுபோல இல்லாமல், சொல்லத்தான் காத்திருந்தவள்போல, ஹெப்சிபாவைப் பார்த்துச் சொன்னாள்: "போன லீவுல தொடவே இல்ல மேஜரம்மா. ஒரு சொட்டு இல்ல. பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டாரு தெரியுமா? அது கதவைச் சாத்திக்கிச்சு. வெளிய நின்னு பேசிக்கினே இருந்தாரு, அப்பா கெட்டவன்தான், ஆனா அப்படியே இருந்துட மாட்டேன்னு. இப்பக்கூட வாராவாரம் போன் பண்றாரு, அது இன்னும் பேசல. அடுத்த லீவுல பேசிடும்னு நெனைக்கிறேன்." சொல்லிவிட்டு வளர்மதி சிரித்தாள், கன்னம் முழுக்க, அந்தக் கன்னம்தான். அடுத்த லீவு. ஹெப்சிபா தலையாட்டினாள். சந்தோஷம் என்றுகூடச் சொன்னாள். உள்ளே எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தது. திருந்திவிட்டானாம். அப்படியானால் சின்ன தாமுவா? சின்ன தாமு போகட்டுமா, திருந்தவேண்டிய அவசியமே இல்லாதவன், போகும்போதெல்லாம் ஷர்மிளாவைப் பாத்துக்குங்க மேஜரம்மா என்று சொல்லிவிட்டுப் போகிறவன்? திருந்தினால் பிழைக்கலாம், திருந்தாவிட்டால் சாகலாம் என்று நான் யார் சட்டம் போட? அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லையே. திறக்காத கதவு அப்படியே நின்றுவிடுமே. வேறு ஒரு தாமோதரன் இருக்கலாம். மூன்றாவதாக ஒருவன், புதிதாகச் சேர்ந்தவன், இந்த அறக்கட்டளைக்கு இன்னும் வராத வீடு, முகம் தெரியாத ஒரு மனைவி, அவளாக இருக்கட்டும். இருக்கட்டுமா? அவளுக்கும் கழுத்து உண்டு, அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். முகம் தெரியாததால் அவளைக் கொடுக்கலாமா? இப்படித்தானே இத்தனை வருஷம் தலைவராக உட்கார்ந்து எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன் என்று மேடையில் சொன்னாள். ஒன்றாகப் பார்ப்பதென்றால் என்ன என்று இன்றைக்குத்தான் யாரோ கேட்கிறார்கள்.

நாற்காலிக்கடியில் கூடை நடுங்கியது. ஒரு போன், மற்ற போன்களின் மேல் உரசிக்கொண்டு, அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஹெப்சிபா கையை விட்டு அதை எடுத்தாள். கை அவளுடையதுதான், வேறு யாருடையதோ மாதிரி போய் எடுத்தது. ரோஜா நிற உறை. ஷர்மிளாவுடையது. பேர் இல்லாத எண். யூனிட்டிலிருந்து நேராக வீட்டுக்குப் பேசுகிறார்களா? அப்படியானால் அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷர்மிளா எழ முயன்றாள், "யாரும்மா? அவராதான் இருக்கும், சில நேரம் வேற நம்பர்ல பண்ணுவாரு." "நீ உக்காரு. நான் பேசறேன்" என்றாள் ஹெப்சிபா. பச்சையை அழுத்தி, காதில் வைத்து, சுவரைப் பார்த்தபடி கேட்டாள். பாட்டு போட்டுவிட்டு, உங்கள் ரீசார்ஜ் முடிவடைய உள்ளது என்றது. அவள் கடைசிவரை கேட்டாள், ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று சொல்லி முடிக்கும்வரை. "ரீசார்ஜ் பண்ணச் சொல்றான்" என்றாள். கூடம் சிரித்தது. ஷர்மிளா உதட்டைப் பிதுக்கினாள். ஹெப்சிபாவின் முதுகில் ஜாக்கெட் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஷர்மிளா இல்லை என்று ஆகிவிடவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் நெஞ்சு லேசானதை அவள் உணர்ந்தாள், லேசாகும்போதே கண் எங்கே போனது என்பதையும் உணர்ந்தாள்.

மடியில் இருந்த போன் அதிர்ந்தபோது பார்சல்களுக்குக் கடைசிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நாகலிங்கம் இல்லை, யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரே பேசினார். ஹெப்சிபா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் இளைஞர், இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். பேர் சொன்னார், எண்ணையும் சொன்னார், எண் சொல்வதற்கு முன்பே பதவியைச் சொன்னதில் தெரிந்துவிட்டது. ஹவில்தார். சின்ன தாமு ஹவில்தார் இல்லை. மனைவி அங்கே இருக்கிறார்களா மேடம், போனில் சொல்வதைவிட நீங்கள் பக்கத்தில் இருந்து சொன்னால் நல்லது, அப்புறம் நான் அவர்களிடம் பேசுகிறேன் என்றார். யெஸ் என்றாள். போனை வைத்தாள். உள்ளறையில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு பீரோ. பீரோக் கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல் இருக்கப் பக்கவாட்டாக நின்றாள். நான் கேட்டேன், கிடைத்துவிட்டது. இல்லை, காலையிலேயே முடிந்துபோனது, நான் கேட்டது அப்புறம்தான். கேட்டது அப்புறம்தான் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். உண்மையாக இருந்தும் அது எங்கேயும் போய் உட்காரவில்லை. கதவைத் திறந்தாள்.

"வளர்மதி, கொஞ்சம் உள்ள வாம்மா."

வளர்மதி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஹெப்சிபா கதவைச் சாத்தினாள். இப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சுற்றிவளைக்கக்கூடாது, போயிட்டார் என்று சொல்லக்கூடாது, எங்கே போயிட்டார் என்று கேட்பார்கள். "உன் வீட்டுக்காரர் இறந்துட்டார் வளர்மதி. இன்னிக்குக் காலையில. வண்டி பள்ளத்துல விழுந்துடுச்சு. பெரிய ஆபீசர் இப்பத்தான் பேசினார்." வளர்மதி மேலே ஃபேனைப் பார்த்தாள், அது சுற்றுகிறதா என்று சோதிப்பதுபோல. "எங்க வீட்டுக்காரரா?" என்றாள். "ஆமா." "நல்லா கேட்டீங்களாம்மா? ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. ஷர்மிளா வீட்டுக்காரர் இல்லியே?" சொன்னதும் கையால் தன் வாயை மூடிக்கொண்டாள். மூடிய கைக்கு மேலே கண் விரிந்து, தப்பு செய்துவிட்டவள்போல ஹெப்சிபாவைப் பார்த்தது. "இல்லம்மா. பதவி, நம்பர் எல்லாம் சொன்னார்" என்றாள் ஹெப்சிபா, மெதுவாக. வளர்மதி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. வெளியே யாரோ கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார்கள், இன்னொருத்தி பதில் சொன்னாள். ஹெப்சிபா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து என்னையே பாத்துக்கினு இருந்தீங்க" என்றாள் வளர்மதி. குரல் தட்டையாக இருந்தது. "டீ குடுக்கறப்பவும். தொக்கு அடைக்கறப்பவும். நான் நிமிர்றப்பல்லாம் நீங்க என்னைத்தான் பாத்தீங்க. உங்களுக்கு அப்பவே தெரியும், இல்ல?"

தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாமல்தான் பார்த்தேன் என்று சொன்னால், அப்புறம் ஏன் ஷர்மிளாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். வளர்மதி இன்றைக்குக் கேட்கமாட்டாள். என்றைக்காவது ஒரு நாள், பாத்திரம் கழுவும்போதோ பஸ்ஸில் போகும்போதோ, கேட்பாள், அப்போது பதிலும் அவளுக்கே கிடைத்துவிடும்.

"தெரியும்" என்றாள் ஹெப்சிபா.

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள் வளர்மதி. "நான் சிரிச்சிக்கினு இருந்தேனே. எல்லாருக்கும் முன்னாடி, அவரு திருந்திட்டாருன்னு கதை சொல்லிக்கினு, பல்லைக் காட்டிச் சிரிச்சிக்கினு இருந்தேனே. பாத்துக்கினே இருந்தீங்களே." தோளை அசைத்து ஹெப்சிபாவின் கையை உதறினாள். ஹெப்சிபா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பழி கனமாகத்தான் இருந்தது, ஆனாலும் அந்த ஜெபத்தின் பழியைவிட லேசு, தூக்கிக்கொள்ள முடியும் போலிருந்தது. எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வளர்மதியின் தொண்டையிலிருந்து முதல் சத்தம் வந்தபோது, கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.